கேட்டுக்கு உள்ளே தடை, கேட்டுக்கு வெளியே பெட்டிக்கடை

தண்டையார்பேட்டையில் இருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிறார். மகன் ஒன்பதாவது படிக்கிறான். பள்ளி வாசலில் 'புகையிலை இல்லா வளாகம்' என்று பெரிய போர்டு இருக்கிறது. போன வாரம் அவன் சட்டையைத் துவைக்க எடுத்தபோது பையில் இருந்து ஒரு தீப்பெட்டியும் இரண்டு மிட்டாய்க் காகிதமும் விழுந்திருக்கின்றன. "பள்ளிக்கூடத்தில் இப்படித் தடை போடுவதால் பசங்க உண்மையிலேயே குறைச்சுக்கிறாங்களா, இல்லை சுவரில் எழுதி வைத்ததோடு சரியா?" என்பது அவர் கேள்வி.

வட சென்னைப் பள்ளிகளில் 27 வருடம் பாடம் எடுத்தவன் நான். ஓய்வு பெற்ற பிறகு, புகையிலையை விட நினைக்கும் பையன்களோடு உட்கார்ந்து பேசுவதைத்தான் முக்கிய வேலையாக வைத்திருக்கிறேன். அதனால் பதில் கொஞ்சம் நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நேரான பதிலைச் சொல்லிவிடுகிறேன். தடையால் குறைகிறது. ஆனால் தடை இருக்கிற எல்லாப் பள்ளியிலும் குறைவதில்லை. 'இங்கே இதை எல்லோரும் மதிக்கிறார்கள்' என்று பிள்ளைகள் மனதில் பட்ட பள்ளிகளில் மட்டும்தான் குறைகிறது.

இதை என் அனுபவத்தை மட்டும் வைத்துச் சொல்லவில்லை. அமெரிக்காவில் 17,287 உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் எடுத்த ஆய்வு ஒன்று 2000ஆம் ஆண்டு பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளிவந்தது. வீட்டில், பள்ளியில், பொது இடங்களில் இருக்கும் கட்டுப்பாடுகளை அதில் ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். பள்ளியில் தடை இருக்கிறதா என்று மட்டும் கேட்டபோது பெரிய வித்தியாசம் தெரியவில்லை. 'உங்கள் பள்ளியில் பெரும்பாலான மாணவர்கள் அந்த விதியை மதிக்கிறார்களா?' என்று கேட்டு, ஆமாம் என்று சொன்ன பிள்ளைகளைத் தனியாகப் பார்த்தபோதுதான் பலன் தெரிந்தது. அந்தப் பிள்ளைகள் கடந்த 30 நாளில் புகைத்திருப்பதற்கான வாய்ப்பு சுமார் 14 சதவீதம் குறைவாக இருந்தது. வீட்டுக்குள் யாரும் பிடிக்கக் கூடாது என்ற கட்டுப்பாடு இருந்த பிள்ளைகளிடம் இதே வாய்ப்பு 21 சதவீதம் அளவுக்குக் குறைந்தது. அப்பா அம்மாவே புகைப்பவர்களாக இருந்த வீடுகளிலும் இது பொருந்தியது. இந்த வீட்டு விஷயத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன், ஏனென்றால் உங்களுக்கு அதிகம் பயன்படப் போவது அதுதான்.

அடுத்த வருடம் வேல்ஸ் நாட்டில் இருந்து ஒரு கணக்கு வந்தது. 55 பள்ளிகளில் 15, 16 வயதுப் பிள்ளைகளைப் பார்த்தார்கள். மாணவர், ஆசிரியர், வந்துபோகிற பெரியவர் எல்லோருக்கும் எழுத்தில் விதி இருந்து, மாணவரோ ஆசிரியரோ வளாகத்தில் எங்கும் புகைக்கக் கூடாது என்றிருந்த பள்ளிகளில் தினமும் புகைக்கும் மாணவர்கள் 9.5 சதவீதம். எந்த விதியும் இல்லாத பள்ளிகளில் 30.1 சதவீதம். இதைப் படித்த அன்று நான் பார்த்துக்கொண்டிருந்தது அந்த 'ஆசிரியர்' என்ற சொல்லைத்தான்.

இந்த எண்களை அப்படியே எடுத்துக்கொள்ளவும் கூடாது. இவை ஒரே சமயத்தில் எடுத்த கணக்கெடுப்புகள். ஒழுங்காக நடக்கும் பள்ளியில் விதியும் ஒழுங்காக இருக்கும், பிள்ளைகளும் குறைவாகப் புகைப்பார்கள். எதனால் எது வந்தது என்று இதில் பிரித்துச் சொல்ல முடியாது. 2014இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்துச் சீர்தூக்கிப் பார்க்கும் காக்ரேன் அமைப்பு, பள்ளி விதிமுறைகளைச் சரியான முறையில் சோதித்த ஆய்வுகளை உலகம் முழுக்கத் தேடியது. தகுதியானது என்று தேறியது ஒன்றே ஒன்று, சீனாவில் நடந்தது. அதிலும் விதி போட்ட பள்ளிக்கும் போடாத பள்ளிக்கும் வித்தியாசம் தெரியவில்லை. ஆகவே, தடை ஒன்றே போதும் என்று யாராவது அடித்துச் சொன்னால் நம்பாதீர்கள்.

எனக்கு இதெல்லாம் புரிய ஆரம்பித்தது ஒரு சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால்தான். நான் முதலில் வேலை பார்த்த பள்ளியில் ஒரு மூத்த ஆசிரியர் இருந்தார். அற்புதமாகக் கணக்கு சொல்லித் தருவார், பசங்களுக்கு அவர் மேல் உயிர். இன்டர்வெல் மணி அடித்ததும் அவர் சைக்கிள் ஸ்டாண்டு பக்கம் போய்விடுவார். எந்த பிராண்ட் பிடிக்கிறார் என்பது முதல் பெஞ்சு வரை எல்லோருக்கும் தெரியும். அதே பள்ளியில் கழிவறையில் தம் அடித்து மாட்டிய பையன் வராந்தாவில் முட்டி போட வேண்டும். ஒருநாள் அப்படி மாட்டிய பத்தாம் வகுப்புப் பையன், தலையைக் குனிந்துகொண்டு, மரியாதையாகத்தான் கேட்டான்: "சார் மட்டும் அடிக்கலாமா சார்?" எங்களில் யாரிடமும் பதில் இல்லை. நானும் சும்மா நின்றேன். அது இன்றைக்கும் என்னை உறுத்துகிறது.

பிற்பாடு வந்த தலைமை ஆசிரியை ஒரு வேலை செய்தார். மாணவர்களிடம் எதுவும் சொல்லவில்லை. முதல் கூட்டமே எங்களோடுதான். "கேட்டுக்கு உள்ளே வருகிற எந்தப் பெரியவரும் இனி பிடிக்கக் கூடாது, வாட்ச்மேன், எலக்ட்ரீஷியன், மணல் இறக்க வரும் லாரிக்காரர் உட்பட" என்றார். ஒருநாள் வகுப்பறைக்கு வெள்ளையடிக்க வந்தவர் ஏணி மேல் நின்று பீடி பற்ற வைத்தார். தலைமை ஆசிரியை ஏணிக்குக் கீழே போய் நின்று, "அண்ணே, அணைச்சிட்டு வேலையப் பாருங்க" என்றார். ஏழாம் வகுப்பு முழுக்க ஜன்னலில் நின்று பார்த்தது. அந்த ஒரு காட்சிக்கு நாங்கள் பிரேயரில் படித்த நூறு உறுதிமொழிகளின் பலம் இருந்தது என்று நம்புகிறேன். அந்தக் கணித ஆசிரியரும் அந்த வருடம்தான் நிறுத்த முயற்சி செய்தார். இரண்டு தடவை தோற்று மூன்றாவது தடவை நிறுத்தினார். ஆசிரியர்களுக்கும் உதவி வேண்டும் என்பதை எல்லோரும் மறந்துவிடுகிறோம். பீகாரில் 72 அரசுப் பள்ளிகளில் ஆசிரியர்கள் புகையிலையை விடுவதற்கு உதவி செய்து பார்த்த ஆய்வு ஒன்று உண்டு. திட்டம் முடிந்த கையோடு பார்த்தபோது, உதவி கிடைத்த பள்ளிகளில் புகையிலை பழக்கம் உள்ள ஆசிரியர்களில் பாதிப் பேர் 30 நாளாகத் தொடாமல் இருந்தார்கள். உதவி கிடைக்காத பள்ளிகளில் அது 15 சதவீதம்தான்.

'எல்லோரும் மதிக்கிறார்கள்' என்ற எண்ணம் ஏன் இவ்வளவு பெரிய விஷயம்? பதின்மூன்று பதினான்கு வயதில் ஒரு பையன் தம் அடிப்பது ருசிக்காக இல்லை. முதல் இழுப்பில் இருமலும் தலைசுற்றலும்தான் வரும். 'எல்லாரும் அடிக்கிறாங்க, நான் மட்டும் சின்னப் பையனா?' என்ற நினைப்புதான் அவனை இரண்டாவது இழுப்புக்குக் கொண்டுபோகிறது. ஒரு வருடம் என் வகுப்பில் பெயர் போடாமல் சீட்டு எழுதச் சொன்னேன். நம் வகுப்பில் எத்தனை பேர் பிடிப்பார்கள் என்று நினைக்கிறாய், நீ பிடிக்கிறாயா, இரண்டே கேள்வி. பாதி வகுப்பு பிடிக்கும் என்று பெரும்பாலோர் எழுதினார்கள். தான் பிடிப்பதாக எழுதியவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். சீட்டுகளை அவர்கள் முன்னாலேயே பிரித்துப் படித்தேன். சில பையன்கள் முகத்தில் வந்த நிம்மதியை நான் பார்த்தேன்.

நாடு முழுக்க எடுத்த கணக்கும் அதையே சொல்கிறது. 2019இல் 13 முதல் 15 வயதுள்ள பள்ளிப் பிள்ளைகளிடம் எடுத்த உலக இளையோர் புகையிலைக் கணக்கெடுப்பில், ஏதாவது ஒரு புகையிலைப் பொருளைப் பயன்படுத்துகிறவர்கள் 8.5 சதவீதம். பத்து வருடம் முன்னால் அது 14.6 ஆக இருந்தது. அதாவது நூற்றில் தொண்ணூறு பிள்ளைகளுக்கு மேல் தொடுவதில்லை. இதை நம் பிள்ளைகளிடம் யாரும் சொல்வதில்லை. பயமுறுத்தும் படத்தைத்தான் காட்டுகிறோம். அதே கணக்கெடுப்பில் என்னைத் தூங்கவிடாத ஒன்றும் இருக்கிறது. சிகரெட்டைத் தொட்ட பிள்ளைகளில் 38 சதவீதம் பேர் தங்கள் பத்தாவது பிறந்தநாளுக்கு முன்பே தொட்டுவிட்டார்கள். நாமோ ஒன்பதாம் வகுப்பில்தான் விழிப்புணர்வு நிகழ்ச்சி நடத்துகிறோம்.

சென்னையிலேயே நடந்த ஒரு சோதனை இருக்கிறது. நம் ஊர் ஆசிரியர்களுக்கே அது பற்றித் தெரியாததில் எனக்கு வருத்தம் உண்டு. 'மைத்ரி' என்ற அந்தத் திட்டம் 2004 முதல் 2006 வரை டெல்லியிலும் சென்னையிலுமாக 32 பள்ளிகளில் நடந்தது. ஆறாம் வகுப்பும் எட்டாம் வகுப்பும். தொடங்கும் முன் எடுத்த கணக்கிலேயே ஓர் அதிர்ச்சி: எட்டாம் வகுப்பில் எப்போதாவது புகையிலையைத் தொட்டுப் பார்த்தவர்கள் 9.3 சதவீதம், ஆறாம் வகுப்பில் 24.8 சதவீதம். சின்னப் பிள்ளைகள்தான் அதிகம். பிறகு பாதிப் பள்ளிகளில் வகுப்பில் கலந்து பேசுவது, போஸ்டர், பெற்றோருக்கு அஞ்சலட்டை, மாணவர்களே மாணவர்களை வழிநடத்துவது என்று இரண்டு வருடம் செய்தார்கள். மீதிப் பள்ளிகளை அப்படியே விட்டார்கள். முடிவில், திட்டம் நடந்த பள்ளிகளில் புகையிலைப் பயன்பாடு 17 சதவீதம் குறைந்தது. நடக்காத பள்ளிகளில் 68 சதவீதம் கூடியது. சட்டம் இரண்டு பக்கத்துக்கும் ஒன்றுதான், தடையும் ஒன்றுதான். வேறுபட்டது, அந்தத் தடையைச் சுற்றிப் பிள்ளைகளோடு யாராவது பேசினார்களா என்பது.

இனி கேட்டுக்கு வெளியே வருவோம். வட சென்னையில் பாதிக் கதை அங்கேதான் நடக்கிறது.

பள்ளிக்குள் கண்டிப்பு வந்ததும் எங்கள் பையன்கள் பின்பக்கச் சந்துக்கு இடம் மாறினார்கள். ஐரோப்பாவிலும் இதையே பார்த்திருக்கிறார்கள்: வளாகத்தில் தடை இறுகினால் புகைப்பவர்கள் வாசலுக்கு வெளியே நடைபாதைக்கு வருகிறார்கள். கழிவறையில் அடித்தால் நாலு பேர் பார்ப்பார்கள். பின்பக்கச் சந்தில் அடித்தால் வீட்டுக்குப் போகும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லோரும் பார்க்கிறார்கள். டையைக் கழற்றிப் பையில் வைத்து, அடையாள அட்டையைச் சட்டைக்குள் விட்டுக்கொண்டு நிற்கும் அண்ணன்மார்கள் அவர்கள் கண்ணுக்குப் பெரிய ஆட்களாகத் தெரிகிறார்கள். எனவே தடையைக் கேட்டோடு நிறுத்தினால் சில சமயம் நிலைமை மோசமாகவும் ஆகும். நான் கண்ணால் பார்த்தது.

சட்டம் இதை யோசிக்காமல் இல்லை. 2003ஆம் ஆண்டுப் புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் 6ஆவது பிரிவு இரண்டு விஷயம் சொல்கிறது. 18 வயது நிரம்பாத யாருக்கும் விற்கக் கூடாது. கல்வி நிறுவனத்தைச் சுற்றி 100 கெஜத்துக்குள் விற்கவே கூடாது. 100 கெஜம் என்றால் சுமார் 91 மீட்டர். அளப்பதும் வாசலில் இருந்து தெரு வழியாக இல்லை. பள்ளியின் சுற்றுச்சுவரில் இருந்து எல்லாத் திசையிலும் வட்டமாக அளக்க வேண்டும். தங்கசாலையில் இருந்து பழைய வண்ணாரப்பேட்டை, கல்மண்டபம் வழியாக ராயபுரம் வரை ஒரு தடவை நடந்து பாருங்கள். அரசு உதவி பெறும் பள்ளி, மாநகராட்சிப் பள்ளி, மெட்ரிகுலேஷன், மாடியில் நர்சரி என்று ஒன்றின் வட்டம் முடியும் முன் அடுத்ததன் வட்டம் தொடங்கிவிடும். சட்டத்தை அப்படியே பிடித்தால் அந்தப் பக்கம் எத்தனையோ தெருக்களில் ஒரு பெட்டிக்கடையும் சிகரெட் விற்க முடியாது. எல்லாக் கடையும் தவறு செய்கிறது என்னும்போது எந்தக் கடையையும் தனியாகக் கேட்கக் கூச்சம் வந்துவிடுகிறது. சட்டம் பேசாமல் போவதற்கு இந்த நெருக்கடியான தெருவமைப்பும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

மீறினால் அபராதம் 200 ரூபாய் வரை. ஒரு நல்ல மாலை வியாபாரத்தில் கடைக்காரர் அதை எடுத்துவிடுவார். இன்னொரு பக்கம், 2015ஆம் ஆண்டுச் சிறார் நீதிச் சட்டத்தின் 77ஆவது பிரிவு குழந்தைக்குப் புகையிலை கொடுத்தால் ஏழு வருடம் வரை கடுங்காவல், ஒரு லட்சம் வரை அபராதம் என்கிறது. ஒன்று மிகச் சின்னது, மற்றது மிகப் பெரியது. எங்கள் பின்பக்கச் சந்தில் கடை வைத்திருந்தவர் கணவனை இழந்த அம்மா, மூன்று பிள்ளைகள். அவரை ஏழு வருடத் தண்டனையில் மாட்டிவிட எனக்கு மனம் வரவில்லை. எந்த ஆசிரியருக்கும் வராது என்றுதான் நினைக்கிறேன்.

போய்ப் பேசினேன். "இன்னா சார் பண்றது, நான் குடுக்கலன்னா அட்த்த கடைல வாங்கப் போறான்" என்றார். அவர் சொன்னதில் உண்மை இருந்தது. அதனால் ஒரு கடையோடு பேசி லாபமில்லை என்று தெரிந்துகொண்டு, தலைமை ஆசிரியை, பெற்றோர் ஆசிரியர் கழகத்தில் இருந்து இரண்டு அப்பாக்கள், நான் என நான்கு பேராக அந்தச் சந்திலும் அடுத்த தெருவிலும் இருந்த எல்லாக் கடைகளுக்கும் ஒரே நாளில் போனோம். மிரட்டவில்லை. யூனிபார்மில் வருகிற யாருக்கும் வேண்டாம், பள்ளி தொடங்கும் நேரமும் விடும் நேரமும் அந்த டப்பாவை உள்ளே எடுத்து வையுங்கள் என்று கேட்டோம். பள்ளிக்கு நோட்டு, பேனா, மிட்டாய் எல்லாம் உங்களிடமே வாங்கச் சொல்கிறோம் என்றோம். சட்டம் கேட்பதில் இது கால்வாசிதான், எனக்குத் தெரியும். ஆனால் பிள்ளைகள் கண்ணில் இருந்து அந்தச் சிகரெட் டப்பா மறைந்தது, பற்ற வைக்கத் தொங்கும் எரிகயிறும் மறைந்தது. அந்த அம்மா சில மாதங்களில் முழுவதுமாகவே விட்டுவிட்டு இட்லி மாவு விற்க ஆரம்பித்தார். எல்லோரும் அப்படி விடவில்லை. ஒரு கடை இன்றைக்கும் விற்கிறது.

ஒற்றையாக விற்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு பாக்கெட் வாங்க எந்த ஒன்பதாம் வகுப்புப் பையனிடமும் காசு இருக்காது. ஒரு சிகரெட் வாங்க இருக்கும். மூன்று பேர் சேர்ந்து ஒன்றை வாங்கி ஆளுக்கு நாலு இழுப்பு இழுப்பார்கள். 2016 முதல் பாக்கெட்டில் 85 சதவீத இடத்தில் எச்சரிக்கைப் படம், 2018 முதல் விடுவதற்கு உதவும் எண். இவ்வளவு செய்தும், ஒற்றையாக வாங்கும் பையன் கையில் இது எதுவுமே வருவதில்லை.

அப்புறம், 'புகை' என்ற சொல்லே நம்மை ஏமாற்றிவிடுகிறது. வட சென்னையில் பையன் வாயில் இருப்பது பல நேரம் மாவாதான். பாக்கும் புகையிலையும் சுண்ணாம்பும் கலந்து, பிளாஸ்டிக் காகிதத்தில் கசக்கிக் கன்னத்தில் ஒதுக்கிக்கொள்வார்கள். இல்லையென்றால் கூல் லிப் என்கிற சின்னப் புகையிலைப் பொட்டலத்தை உதட்டுக்கு உள்ளே வைத்துக்கொள்வார்கள். புகை வராது, நாற்றமும் பெரிதாக வராது, பாடம் நடக்கும்போதே வைத்துக்கொள்ளலாம். தமிழ்நாட்டில் குட்கா போன்றவற்றுக்கு 2013 முதல் தடை இருக்கிறது. ஆனாலும் பள்ளிப் பிள்ளைகளிடம் கூல் லிப் பரவுவதைப் பார்த்துத்தான் 2024இல் சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, இதை நாடு முழுக்கவே ஏன் தடை செய்யக் கூடாது என்று கேட்டது. இ-சிகரெட்டுக்கு 2019இலேயே நாடு தழுவிய தடை வந்துவிட்டது. எங்கள் பக்கத்தில் அதைவிட மாவாதான் பெரிய தொல்லை. கழிவறையில் மட்டும் மோப்பம் பிடிக்கும் பள்ளி இதைக் கோட்டைவிடும். மகனிடம் பேசும்போது சிகரெட்டை மட்டும் கேட்காதீர்கள்.

மாட்டிய பையனை என்ன செய்வது? இதில் எனக்குத் திடமான கருத்து உண்டு. டிசி கொடுத்து அனுப்புவது மிகப் பெரிய தவறு. காசிமேட்டுப் பக்கம் பள்ளியை விட்டு நின்ற பையன் அடுத்த வாரமே துறைமுகத்தில் ஐஸ் உடைக்கவோ மீன் கூடை தூக்கவோ போய்விடுவான். கையில் தினக்கூலி, சுற்றிலும் பீடி பிடிக்கும் பெரியவர்கள், விடிகாலைக் குளிர். பள்ளியில் இருந்தபோது வாரத்துக்கு இரண்டு பிடித்தவன் அங்கே நாளைக்கு ஒரு கட்டு பிடிப்பான். நம் பள்ளியின் கணக்கில் புகைப்பவர் எண்ணிக்கை ஒன்று குறைந்திருக்கும், அவ்வளவுதான். மேற்கு ஆஸ்திரேலியாவில் பார்த்த ஓர் ஆய்வில், மாட்டிய பிள்ளைகளைத் தண்டிப்பதோடு நிறுத்தாமல் உட்கார வைத்துப் பேசிய பள்ளிகளில்தான் புகைப்பழக்கம் குறைவாக இருந்தது. விதி உறுதியாக இருக்க வேண்டும், பிடிபட்டவனோடு கண்டிப்பாக யாராவது பேச வேண்டும், ஆனால் அவன் நாளைக்கும் அதே பெஞ்சில் உட்கார வேண்டும். நிகோடின் பிடிப்பு தினமும் பிடிக்கிறவனுக்குத்தான் வரும் என்று நினைக்காதீர்கள். இந்த வயதில் எப்போதாவது பிடிக்கும்போதே ஏங்க வைத்துவிடும். 'வேணும்னா நாளைக்கே விட்ருவேன்' என்று அவன் சொல்வது பொய் இல்லை, அவன் அதை நம்பித்தான் சொல்கிறான்.

இப்போது வீடு. தமிழ்நாட்டில் 15 வயதுக்கு மேற்பட்டவர்களில் புகையிலை பயன்படுத்துவோர் 2009–10 கணக்கெடுப்பில் 16.2 சதவீதம், 2016–17இல் 20 சதவீதம். அந்த இடைவெளியில் நாடு மொத்தமாகக் குறைந்தது, நம் மாநிலம் கூடியது. அந்தப் பெரியவர்கள் எல்லோரும் யாருக்கோ அப்பா, மாமா, தாத்தா. நம் பக்கத்து வீடுகள் ஒரு அறை, ஒரு சமையல் கட்டு. வாசல்படியில் உட்கார்ந்து அப்பா பிடித்தால் புகை உள்ளேதான் வரும். அதைவிட ஒரு பழக்கம் இருக்கிறது: "டேய், முக்கு கடைல அப்பாவுக்கு ரெண்டு வாங்கிட்டு வா." நான் பேசிய பையன்களில் பலர் சிகரெட்டை முதலில் கையில் பிடித்தது இப்படித்தான். தாத்தாவுக்கு அடுப்பில் பீடி பற்ற வைத்துக் கொடுத்தபோது முதல் இழுப்பு இழுத்ததாக ஒருவன் சொன்னான், அப்போது அவனுக்கு எட்டு வயது. அப்பாவுக்கு என்று சொன்னாலும் 18 வயது ஆகாதவனிடம் விற்பது குற்றம்தான், அது வேறு. அந்தப் பையனுக்குக் கடைக்காரர் முகம் பழகிவிடுகிறது, சிகரெட் மளிகைச் சாமான் மாதிரி ஆகிவிடுகிறது. பள்ளி கேட்டில் எத்தனை பெரிய போர்டு வைத்தாலும் இதை அழிக்காது.

உங்கள் வீட்டில் யாராவது பிடிப்பவர் இருந்தால், அவர் இன்றைக்கே விட வேண்டும் என்று நான் சொல்லவில்லை, விட்டால் மகிழ்ச்சி. வீட்டுக்குள்ளும் வாசலிலும் பிடிப்பதில்லை, பையனைக் கடைக்கு அனுப்புவதில்லை என்ற இரண்டை மட்டும் இன்று முதல் வையுங்கள். அப்பாவே புகைக்கும் வீட்டிலும் இந்தக் கட்டுப்பாடு பலன் தந்தது என்று மேலே சொன்னேன் அல்லவா? அதற்காகத்தான் சொல்கிறேன்.

மகனிடம் பேசும்போது தீப்பெட்டியைக் காட்டி மிரட்ட வேண்டாம். உறவினர் முன்னால் கேட்க வேண்டாம். அப்பாவிடம் சொல்லி அடிவாங்கித் தர வேண்டாம். இரண்டு பேரும் மட்டும் இருக்கும்போது, மொட்டை மாடியிலோ பஸ்ஸில் போகும்போதோ, "துவைக்கும்போது இது கிடைச்சது, யார் கூடப்பா?" என்று கேளுங்கள். 'ஏன்' என்று கேட்டால் பொய் வரும், 'யாரோடு' என்று கேட்டால் கதை வரும். எந்த நேரம், எந்தச் சந்து, யார் காசு கொடுக்கிறார்கள் என்பது அந்தக் கதையில் இருக்கும். அந்த நேரத்தை வேறு எதிலாவது அடைக்க முடியுமா என்று பாருங்கள். நம் பக்கத்தில் கேரம் கிளப்புக்கும் கால்பந்துக்கும் பாக்சிங்குக்கும் பஞ்சமில்லை, மூச்சு வாங்கினால் ஆட முடியாது என்பதை நம்மைவிடக் கோச் சொன்னால் பையன் கேட்பான். அங்கேயும் மூத்த பையன்கள் பிடிக்கிறார்களா என்று ஒரு மாலை போய்ப் பார்த்துவிட்டுச் சேருங்கள்.

அவன் விட நினைத்து முடியவில்லை என்றால் 1800-11-2356 என்ற இலவச எண்ணுக்கு அழைத்துத் தமிழிலேயே பேசலாம். நேரில் போக வேண்டுமென்றால் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் 2002 முதலே புகையிலையை விட உதவும் மையம் இருக்கிறது. தூரம்தான், ஆனால் போய்வந்த பையன்கள் யாரும் அலைச்சலைப் பற்றிக் குறை சொன்னதில்லை.

பள்ளி விஷயத்தில் நீங்கள் ஒன்று செய்யலாம். அந்த போர்டைப் போய்ப் பாருங்கள். 2019இல் மத்திய சுகாதார அமைச்சகம் திருத்தி வெளியிட்ட வழிகாட்டுதல்படி, அதில் பொறுப்பானவர் பெயர், பதவி, தொலைபேசி எண் மூன்றும் இருக்க வேண்டும். 100 கெஜ எல்லையில் சாலையில் மஞ்சள் கோடு போட வேண்டும். ஒன்பதாம் வகுப்புக்கு மேல் மாணவர்களிலேயே கண்காணிப்பாளர் வைக்க வேண்டும். பெயர் எழுதும் இடம் காலியாக இருந்தால், அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் எழுந்து அந்த இடத்தில் யார் பெயர் வரப்போகிறது என்று கேளுங்கள். தனியாகக் கேட்கக் கூச்சமாக இருந்தால் அதே வகுப்பில் இருந்து இன்னும் இரண்டு அம்மாக்களைக் கூட்டிக்கொண்டு போங்கள். அவர்கள் வீட்டிலும் ஒரு தீப்பெட்டி கிடைத்திருக்கலாம்.